பண்ட்லர் இல்லாமல் மாட்யூல்: ஒரே ஃபைல் ஏன் இரண்டு முறை ஓடுகிறது?

2025 பிப்ரவரி 3, காலை (கேள்வி)

சின்ன புராஜெக்ட். பத்துப் பன்னிரண்டு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல். எச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் சாதா ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஸ்கிரிப்ட் டேகில் டைப் மாட்யூல் (மற்ற ஃபைல்களை இம்போர்ட் செய்துகொள்ளும் ஸ்கிரிப்ட்) என்று போட்டதும் கன்சோலில் கார்ஸ் எரர். எல்லா பிரவுசரும் மாட்யூலைத் தானே ஏற்றிக்கொள்ளும் என்கிறார்கள். அப்படியானால் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சேவுக்கும் பண்ட்லர் (எல்லா ஃபைலையும் ஒன்றாகக் கட்டித் தரும் கருவி) ஓடி முடியட்டும் என்று எதற்காகக் காத்திருக்க வேண்டும்? டெவலப்மென்டில் பண்ட்லர் தேவையே இல்லை என்பது என் கட்சி. தவறென்றால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

தவறில்லை. நானும் அந்தக் கட்சிதான். வேலையிடத்தில் உள்ளே மட்டும் பயன்படும் ஒரு டாஷ்போர்டை மூன்று வருடமாக பண்ட்லர் இல்லாமல்தான் எழுதிவருகிறேன். 140 ஃபைல் இருக்கும். சேவ், ரீலோட், அவ்வளவுதான்.

கார்ஸ் எரருக்கு வருகிறேன். மாட்யூலை பிரவுசர் எப்போதும் கார்ஸ் விதிப்படிதான் (வேறு தளத்தின் ஃபைலை எடுக்க அந்தத் தளத்தின் அனுமதி வேண்டும் என்ற விதி) கேட்டு வாங்கும். சாதா ஸ்கிரிப்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. யார் வீட்டு ஸ்கிரிப்டை வேண்டுமானாலும் யாரும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது ஆரம்ப கால வழக்கம், இன்று மாற்றினால் பாதி வலை உடைந்துபோகும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். மாட்யூல் பிறகு வந்தது, அதனால் முதல் நாளிலிருந்தே கண்டிப்பு. டபுள் கிளிக் செய்து திறந்த பக்கத்தின் முகவரி 'ஃபைல்' என்று தொடங்கும். அந்தப் பக்கத்தின் ஆரிஜின், அதாவது எந்தத் தளத்திலிருந்து வந்தது என்ற அடையாளம், 'நல்' (எதுவுமில்லை). அதே ஃபோல்டரில் பக்கத்திலேயே இருக்கும் ஃபைல்கூட அதற்கு அன்னியன்.

ஆகவே பண்ட்லர் வேண்டாம், சர்வர் வேண்டும். பைத்தான் இருந்தால் அதனோடு வரும் எச்டிடிபி சர்வர் மாட்யூலை அந்த ஃபோல்டரில் ஓடவிட்டு, லோக்கல்ஹோஸ்ட் 8000-ல் திறங்கள். ஒரே ஒரு வரி கமாண்ட்.

பிப்ரவரி 4

விண்டோஸில் அதே சர்வரை ஓட்டினால் வேறொரு எரர், மைம் வகை (இது எந்த மாதிரி ஃபைல் என்று சர்வர் சொல்லும் குறிப்பு) 'டெக்ஸ்ட் ப்ளெய்ன்' என்று திட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பைத்தான் ஃபைல் வகைகளை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியிலும் பார்க்கும். ஏதோ ஒரு புரோகிராம் இன்ஸ்டால் ஆகும்போது .ஜேஎஸ் என்றால் வெறும் எழுத்து என்று அங்கே மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கும். சாதா ஸ்கிரிப்டாக இருந்தால் பிரவுசர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஓட்டிவிடும். மாட்யூலுக்கு அந்தச் சலுகை இல்லை. ரெஜிஸ்ட்ரியைச் சரிசெய்யலாம். நான் செய்தது ஐந்தாறு வரியில் சொந்த சர்வர் ஸ்கிரிப்ட் எழுதி, .ஜேஎஸ்ஸுக்கு 'டெக்ஸ்ட் ஜாவாஸ்கிரிப்ட்' என்று சொல்லிவிட்டது. 'அப்ளிகேஷன் ஜாவாஸ்கிரிப்ட்' தானே சரி என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: 2022 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9239 என்ற இணைய விதி ஆவணம் அதை மாற்றிவிட்டது. இப்போது டெக்ஸ்ட்தான்.

மைம் எரரில் 'டெக்ஸ்ட் எச்டிஎம்எல்' என்று வந்தால் அது வேறு நோய். இம்போர்ட்டில் ஃபைல் பெயரைத் தப்பாக எழுதியிருப்பீர்கள். சில டெவ் சர்வர்கள் இல்லாத முகவரிக்கு 404 (கிடைக்கவில்லை) சொல்லாமல் முகப்புப் பக்கத்தையே 200 (சரி) என்று எடுத்து நீட்டும். பிரவுசர் ஜாவாஸ்கிரிப்ட் கேட்டது, கையில் எச்டிஎம்எல் கிடைத்தது. எழுத்துப்பிழைக்கு மைம் வகை அடி வாங்குகிறது.

பிப்ரவரி 5

பட்டனில் ஆன்கிளிக் என்று போட்டு ஃபங்ஷன் பெயர் கொடுத்தது வேலை செய்யவில்லை என்பவருக்கு: மாட்யூலுக்குள் எழுதியது வெளியே தெரியாது. ஆட்ஈவென்ட்லிஸனர் (கிளிக் வந்தால் எதை ஓட்டுவது என்று கோடிலேயே சொல்வது) போடுங்கள். இன்னொன்று, மாட்யூல் ஸ்கிரிப்ட் எச்டிஎம்எல் முழுதும் படித்து முடிந்த பிறகுதான் ஓடும், தனியாக டிஃபர் வேண்டாம். எத்தனை ஃபைல் இம்போர்ட் செய்தாலும் ஒரு மாட்யூல் ஒரே ஒருமுறைதான் ஓடும்.

(மார்ச் 3-ல் சேர்த்தது: கடைசி வாக்கியத்தை நம்பிப் போகாதீர்கள். கீழே படியுங்கள்.)

பிப்ரவரி 9

கட்சியில் சேர்ந்த புதியவர்களுக்கு என் ஒரு மதியத்தின் கதை.

தேதியை எழுத்தாக மாற்றும் ஒரு ஃபைல். அதில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினேன். அதை இம்போர்ட் செய்யும் ஃபைலிலும் மாற்றினேன். ரீலோட் செய்தால், அந்தப் பெயரில் எக்ஸ்போர்ட் எதுவும் இல்லை என்கிறது கன்சோல். எடிட்டரில் பார்க்கிறேன், இருக்கிறது. சேவ் ஆகவில்லையோ என்று மறுபடி சேவ். இல்லை என்கிறது. சர்வரை நிறுத்தி ஓட்டினேன். இல்லை. வேறு ஃபோல்டரில் ஓட்டுகிறேனோ என்று அரை மணி நேரம் பாதை பாதையாகத் தேடினேன். கடைசியில் டெவ்டூல்ஸில் சோர்ஸஸ் டேபைத் திறந்து அந்த ஃபைலைப் பார்த்தால் பழைய பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. இம்போர்ட் செய்யும் ஃபைல் மட்டும் புதுசு.

பண்ட்லர் உபயோகிக்கும்போது கேஷ் (பிரவுசர் எடுத்துவைத்திருக்கும் பழைய பிரதி) சதி செய்தால் முழுப் பக்கமும் பழசாக இருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். இங்கே ஃபைல் ஃபைலாக கேஷ் ஆவதால் பாதி பழசு, பாதி புதுசு. இரண்டும் சேர்ந்து ஓடுகிற அந்தக் கலவையை உலகத்தில் யாரும் எழுதியதே இல்லை.

அவசரத்துக்கு நான் செய்வது: இம்போர்ட் முகவரியின் முடிவில் கேள்விக்குறி போட்டு வி=2 என்று சேர்த்துவிடுவேன். பிரவுசருக்கு அது புது முகவரி, போய்ப் புதிதாக எடுத்துவரும்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் காரணத்தைச் சொல்லாமல் வைத்தியத்தை மட்டும் சொல்லிவிட்டேன்.

பைத்தான் சர்வர் ஒவ்வொரு ஃபைலோடும் 'கடைசியாக மாற்றிய நேரம்' என்ற தலைப்பை அனுப்பும். எவ்வளவு நேரம் கேஷில் வைக்கலாம் என்று எதுவும் சொல்லாது. சொல்லாவிட்டால் பிரவுசர் தானே ஊகித்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. ஃபைல் எவ்வளவு நாளாக மாறாமல் இருந்ததோ அதில் 10 சதவீதம் என்பது ஆர்எஃப்சி 9111 எடுத்துக்காட்டும் அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு முன் தொட்ட ஃபைல் ஒரு நிமிடத்துக்குப் புதுசு. 60 நாளாகத் தொடாத ஃபைல் ஆறு நாளைக்குப் புதுசு.

தினமும் தொடுகிற ஃபைலில் இந்தத் தொல்லை வராததற்கு இதுதான் காரணம். மாதக்கணக்கில் தொடாத ஃபைலில் போய்க் கை வைக்கும் அன்றைக்குத்தான் மாட்டும். என் தேதி ஃபைலும் அப்படித்தான், இரண்டு மாதமாக அதன் பக்கமே போகவில்லை.

ரீலோட் செய்தேனே என்றால், குரோமில் சாதாரண ரீலோட் பக்கத்தை மட்டும்தான் சர்வரிடம் மறுபடி விசாரிக்கும். உள்ளே வரும் ஃபைல்கள் கேஷில் செல்லுபடியாக இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஷிஃப்டோடு சேர்த்து ரீலோட் செய்தால் கேஷை விட்டுவிட்டு எடுக்கும், ஆனால் பக்கம் ஏறி முடிந்த பிறகு டைனமிக் இம்போர்ட்டில் (கோடு ஓடும்போது தேவைப்பட்டால் எடுப்பது) வருகிறவை அந்தக் கணக்கில் சேராது. டெவ்டூல்ஸில் 'டிஸேபிள் கேஷ்' டிக் செய்யலாம். அது டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான். மூடினால் பழைய குருடி கதவைத் திறடி.

நிரந்தரத் தீர்வு சர்வரில்தான். கேஷ் கன்ட்ரோல் தலைப்பில் 'நோ கேஷ்' என்று அனுப்புங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கேஷில் வைக்காதே என்று அதற்கு அர்த்தமில்லை. வைத்துக்கொள், ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டுவிட்டு எடு என்று அர்த்தம். மாறாத ஃபைலுக்கு சர்வர் 304 (மாறவில்லை) என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடும். உண்மையிலேயே வைக்காதே என்று சொல்ல 'நோ ஸ்டோர்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. இந்தப் பெயர்களை வைத்த கமிட்டியை ஒருநாள் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 16

வெளி லைப்ரரியை வெறும் பெயரால் இம்போர்ட் செய்தால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி மூன்றாவது முறையாக வந்திருக்கிறது.

2015-ல் ஜாவாஸ்கிரிப்டுக்கு இம்போர்ட், எக்ஸ்போர்ட் இலக்கணம் வந்தது. அந்த ஃபைலை எங்கே போய் எடுப்பது என்பதைப் பற்றி அந்த ஸ்பெக் (விதி ஆவணம்) வாயே திறக்கவில்லை. அது எச்டிஎம்எல் ஸ்பெக்கின் வேலையாயிற்று. அதனால் சஃபாரி 10.1-ல் 2017 மார்ச், குரோம் 61-ல் 2017 செப்டம்பர், ஃபயர்ஃபாக்ஸ் 60-ல் 2018 மே என்று இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் பிரவுசருக்குள் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நாம் எல்லோரும் நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் புரோகிராம்) எப்படித் தேடுமோ அப்படிப் பழகிவிட்டோம். வெறும் பெயர் கொடுத்தால் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் தேடும், .ஜேஎஸ் விட்டுவிட்டால் தானே சேர்த்துப் பார்க்கும், ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பார்க்கும். தன் டிஸ்க்கில் தேடுவதால் அதற்குச் செலவில்லை. பிரவுசர் ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பியாக வேண்டும். அதனால் ஊகிப்பதே இல்லை. முழு முகவரி, அல்லது புள்ளியிலோ ஸ்லாஷிலோ தொடங்கும் பாதை, .ஜேஎஸ் உட்பட.

வெறும் பெயர்தான் வேண்டும் என்றால் இம்போர்ட் மேப். எச்டிஎம்எல்லிலேயே ஒரு சின்ன ஜேசன்: இந்தப் பெயருக்கு இந்த முகவரி. குரோம் 89-ல் 2021-லேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 108-ல் 2022 டிசம்பர், சஃபாரி 16.4-ல் 2023 மார்ச். மாட்யூல் ஸ்கிரிப்டுகளுக்கு மேலே வையுங்கள். கீழே வைத்துவிட்டு வேலை செய்யவில்லையே என்று நான் தேடிய கதை ஒன்று உண்டு, அது இன்னொரு நாள்.

பிப்ரவரி 23

கட்சி மாறவில்லை. ஆனால் ஒரு திருத்தம்.

நேற்று வீட்டிலிருந்து விபிஎன் வழியாக, தூரத்தில் இருக்கும் மெஷினில் ஓடும் டெவ் சர்வரைத் திறந்தேன். என் மேசையில் கண் இமைப்பதற்குள் வரும் டாஷ்போர்ட் வெள்ளைத் திரையாக நின்றது. நெட்வொர்க் டேபைப் பார்த்தால் படிக்கட்டு. முதல் ஃபைல் வந்து அதைப் படித்த பிறகுதான் அது யாரை இம்போர்ட் செய்கிறது என்று பிரவுசருக்குத் தெரியும். அவர்களை எடுத்துவந்து படித்தால்தான் அடுத்த படி. என் 140 ஃபைலில் ஆழம் ஒன்பது படி. போய்வர 80 மில்லிசெகண்ட் என்றால் ஒன்பது படிக்கு 720 மில்லிசெகண்ட், அதுவும் ஒவ்வொரு படியிலும் எல்லாம் ஒரே சமயத்தில் வந்தால். வராது. எச்டிடிபி 1.1-ல் ஒரு சர்வருக்கு ஆறு கனெக்ஷன்தான் திறக்கும், மீதி வரிசையில் நிற்கும். பைத்தான் சர்வர் இன்னும் மோசம். சொல்லாவிட்டால் அது பேசுவது எச்டிடிபி 1.0, ஒவ்வொரு ஃபைலுக்கும் கனெக்ஷனை மூடித் திறக்கும். 3.11-லிருந்து ப்ரோட்டோகால் ஆப்ஷன் கொடுத்து 1.1 ஆக்கலாம்.

என் ஃபைல்கள் 140 பரவாயில்லை. லோடாஷ் என்ற லைப்ரரியின் மாட்யூல் வடிவத்தில் மட்டும் உள்ளே 600-க்கும் மேல் ஃபைல். ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக அதன் வாசல் ஃபைலை இம்போர்ட் செய்தாலும் அத்தனையும் அணிவகுத்து வரும். 2020-ல் வந்த வீட் என்ற டெவ் சர்வர் இதற்குத்தான் நடுவழி கண்டுபிடித்தது. வெளி லைப்ரரிகளை முன்கூட்டியே கட்டி ஒவ்வொன்றையும் ஒரே ஃபைலாக்கிவிடும். நாம் எழுதும் ஃபைல்களைத் தனித்தனி மாட்யூலாகவே கொடுக்கும். நம்முடையதற்கு 304, லைப்ரரிகளுக்கு ஒரு வருட கேஷ். பிப்ரவரி 10-ல் நான் ஒரு மதியத்தைப் பலிகொடுத்துக் கற்றதை அவர்கள் முதல் நாளே செய்துவைத்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இப்போது இப்படி ஆகிறது: சொந்த ஃபைலுக்கு பண்ட்லர் வேண்டாம், லைப்ரரிக்கு வேண்டும். படிக்கட்டை மட்டும் குறைக்க மாட்யூல்ப்ரீலோட் லிங்க் (இந்த ஃபைல்களை இப்போதே எடு என்று எச்டிஎம்எல்லில் சொல்வது) போடலாம். நான் போட்டேன். ஃபைல் பெயர்களைக் கையால் பட்டியல் போட்டுப் பராமரிப்பது பண்ட்லரைவிடப் பெரிய தலைவலி. ஒரே நாளில் எடுத்துவிட்டேன்.

மார்ச் 2

இதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? சேமி பட்டனை ஒருமுறை அழுத்தினால் இரண்டு ரிக்வெஸ்ட் போகிறது. என் மவுஸ் தானாக டபுள் கிளிக் அடிக்கிறதோ என்று கீபோர்டில் என்டர் அழுத்திப் பார்த்தேன். இரண்டுதான். ஈவென்ட் மேலே ஏறி இன்னொரு இடத்தில் பிடிபடுகிறதா என்று பார்த்தேன். இல்லை. லிஸனர் போடும் இடம் ஒன்றே ஒன்றுதான், ஸ்டோர் ஃபைலின் (டாஷ்போர்டின் தரவை நினைவில் வைத்திருக்கும் ஃபைல்) மேல்மட்டத்தில். அந்த ஃபைலின் முதல் வரியில் ஒரு கன்சோல் லாக் போட்டேன். இரண்டு முறை வருகிறது.

மாட்யூல் ஒரே ஒருமுறைதான் ஓடும் என்று போன மாதம் இங்கே எழுதிய புண்ணியவான் நான்தான்.

மார்ச் 3

கண்டுபிடித்தேன். சொல்லவே வெட்கம்.

அந்த லாக்கில் 'இம்போர்ட் மெட்டா'வின் யூஆர்எல்லை (ஓடும் மாட்யூலின் சொந்த முகவரி) சேர்த்து அச்சிட்டேன். இரண்டு வரி வந்தது. முதலாவது ஸ்டோர் ஃபைலின் முகவரி. இரண்டாவது அதே முகவரி, வாலில் கேள்விக்குறி, வி=2.

பிப்ரவரி 9-ல் உங்களுக்குச் சொன்ன அதே வைத்தியம். எப்போதோ அவசரத்தில் ஒரு ஃபைலில் போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறேன். மற்ற எட்டு ஃபைல்கள் வால் இல்லாமல் இம்போர்ட் செய்கின்றன, ஒன்று மட்டும் வாலோடு.

பிரவுசர் ஒரு பக்கத்துக்கு ஒரு பேரேடு வைத்திருக்கும். இந்த முகவரி, இந்த மாட்யூல். மறுபடி அதே முகவரி வந்தால் பேரேட்டில் இருப்பதையே கொடுக்கும். உள்ளே இருக்கும் எழுத்து ஒன்றா என்று பார்ப்பதில்லை, டிஸ்க்கில் எந்த ஃபைல் என்று அதற்குத் தெரியவும் தெரியாது. முகவரி ஒரு எழுத்து மாறினால் வேறு ஆள். ஆகவே எனக்கு இரண்டு ஸ்டோர், இரண்டு நினைவகம், இரண்டு லிஸனர். ஒன்றில் மாற்றினால் இன்னொன்றுக்குத் தெரியாது. சேமிக்கும்போது மட்டும் இருவரும் ஆஜர்.

வி=2 யோசனையைப் பின்பற்றியவர்கள் எடுத்துவிடுங்கள். சர்வரில் 'நோ கேஷ்' போட்ட பிறகு அதற்குத் தேவையும் இல்லை.

மார்ச் 4

'நிலை (மாறக்கூடிய தரவு) எதுவும் இல்லாத ஃபைலில் வால் இருந்தால் என்ன நஷ்டம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லை. கிளாஸ் இருந்தால் மட்டும் கவனம். இரண்டு பிரதியில் இருக்கும் ஒரே கிளாஸ் இரண்டு வெவ்வேறு கிளாஸ். ஒன்றில் செய்த ஆப்ஜெக்டை இன்னொன்றில் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' போட்டுக் கேட்டால் எனக்குத் தெரியாது என்று கைவிரிக்கும்.

மார்ச் 15

கன்சோலிலிருந்து மாட்யூலுக்குள் எட்டிப் பார்க்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. கன்சோலில் 'அவெய்ட் இம்போர்ட்' போட்டு அதே முகவரியைக் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் அதே பிரதிதான் கைக்கு வரும், பேரேட்டில் அது இருப்பதால். முகவரியை மட்டும் எழுத்துக்கு எழுத்து சரியாகக் கொடுங்கள். தப்பாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் மேலே மூன்று குறிப்பு எழுதியிருக்கிறேன்.

மார்ச் 22

இரண்டு ஃபைல் ஒன்றையொன்று இம்போர்ட் செய்தால் உடையும் என்று யாரோ அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். எப்போதும் உடையாது. ஃபங்ஷன் என்று அறிவித்தது கோடு ஓடுவதற்கு முன்பே தயாராக இருக்கும், அதனால் பிழைத்துக்கொள்ளும். கான்ஸ்ட், கிளாஸ் என்றால் அந்த வரி ஓடும்வரை தொட முடியாது. தொட்டால் எரர். ஆரோ ஃபங்ஷனை கான்ஸ்ட்டில் வைத்து எழுதுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். நானும் அந்தக் கோஷ்டிதான்.

ஏப்ரல் 6

மறுபடியும் இரண்டு ரிக்வெஸ்ட். வி=2-வை எல்லா ஃபைலிலும் தேடினேன், எங்கும் இல்லை. முகவரியை அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றேபோல்தான் தெரிந்தது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒன்றில் ஸ்டோர் என்ற ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து பெரியது, இன்னொன்றில் சின்னது.

விண்டோஸிலும் மேக்கிலும் வழக்கமான செட்டிங்கில் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. எப்படிக் கேட்டாலும் அதே ஃபைலை எடுத்துக் கொடுக்கும். பிரவுசர் பேரேட்டில் இரண்டு பேர். லினக்ஸில் ஓட்டியிருந்தால் முதல் ரீலோடிலேயே 404 வந்து காப்பாற்றியிருக்கும். கருணை காட்டும் ஃபைல் சிஸ்டம்தான் காலை வாரியது.

தமிழில் ஃபைல் பெயர் வைத்திருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது. நமக்குத்தான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே.

ஏப்ரல் 7

நேற்றைய ஜோக்கைத் திரும்பப் பெறுகிறேன். ராத்திரி தூக்கம் வராமல் சோதித்துப் பார்த்தேன்.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கலாம், பிரவுசர் ஒன்றும் சொல்லாது. முகவரியில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக்குறியோடு மூன்று எழுத்து. ஒரு 'க' எழுத ஒன்பது எழுத்து. அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

வில்லங்கம் 'கொ'வில் இருக்கிறது. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். க-வும் ஒகரக் குறியும் என இரண்டு குறி. அல்லது க, ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறி. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. முகவரியில் ஒன்று 18 எழுத்து, இன்னொன்று 27. மேக்கில் ஃபைல் சிஸ்டம் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். 'கொள்கலன்' என்று ஃபைல் வைத்து இரண்டு விதமாகவும் இம்போர்ட் செய்தேன். எதிர்பார்த்தபடியே இரண்டு முறை ஓடியது. பெரிய எழுத்தாக இருந்தால் காபிக்குப் பிறகாவது கண்ணுக்குத் தெரியும். இது எத்தனை காபி குடித்தாலும் தெரியாது.

ஏப்ரல் 20

கண்ணை நம்பி இனி பலனில்லை என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிவிட்டேன். பக்கம் ஏறிய பிறகு பெர்ஃபார்மன்ஸ் ஏபிஐயிடம் ஏற்றிய ரிசோர்ஸ்களின் பட்டியலைக் கேட்கும். ஒவ்வொரு முகவரியிலும் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டும், எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும், சதவீதக்குறிகளைப் பிரித்து 'நார்மலைஸ்' செய்யும் (ஒரே எழுத்தின் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும்). அப்படிச் செய்த பிறகு இரண்டு முகவரி ஒன்றாகிவிட்டால் கன்சோலில் சிவப்பாகக் கத்தும். அந்தப் பட்டியலில் வழக்கமாக 250 பதிவுதான் நிற்கும். லோடாஷ் மாதிரி ஏதாவது அணிவகுத்து வந்தால் என் ஃபைல் வருவதற்குள் நிரம்பிவிடும். அளவை முதலிலேயே கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று முதல்முறை ஓட்டினேன். எதுவும் வராது என்று நினைத்துத்தான் ஓட்டினேன். வராமல்தான் இருந்தது. அப்புறம் கொஞ்சம் யோசித்து, அடுத்தடுத்து வரும் இரண்டு ஸ்லாஷை ஒன்றாக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். உடனே கத்தியது. டைனமிக் இம்போர்ட் ஒன்றில் ஃபோல்டர் பெயரை ஸ்லாஷோடு முடித்து, அதன் பின்னால் இன்னொரு ஸ்லாஷோடு ஃபைல் பெயரை ஒட்டியிருக்கிறேன். பைத்தான் சர்வர் இரட்டை ஸ்லாஷைக் கண்டுகொள்ளாமல் ஃபைலை எடுத்துக் கொடுத்திருக்கிறது. பிரவுசர் வழக்கம்போல் பேரேட்டில் இன்னொரு வரி எழுதியிருக்கிறது.

எந்த ஃபைல் என்று பார்த்தால், பிப்ரவரியில் ஒரு மதியத்தைத் தின்ற அதே தேதி ஃபைல். உள்ளே நிலை எதுவும் இல்லாததால் இரண்டு பிரதியும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. கமிட் வரலாற்றைப் பார்த்தேன், அந்த வரி எழுதி இரண்டு வருடம் ஆகிறது.

ஏப்ரல் 21

ஃபங்ஷனைக் கேட்டவர்களுக்கு நாளை போடுகிறேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. பக்கம் ஏறி முடிந்த பிறகு வரும் டைனமிக் இம்போர்ட்டை அது பார்ப்பதில்லை, முந்தாநாள் பிடித்தது அந்த இம்போர்ட் முன்கூட்டியே ஓடியதால் வந்த அதிர்ஷ்டம்.